லட்டுவுக்கு ஒரு தண்ணீர்க்கரை

ஹில்ஸ்பரோ
பிப்ரவரி 2

அன்புள்ள தம்பிக்கு,

நேற்று ராத்திரி நீ அனுப்பிய ஒன்றரை வரிக்கு மூன்று தடவை வாய்ஸ் மெசேஜ் பேசி, மூன்றையும் நானே அழித்துவிட்டேன். ஆகஸ்டில் ஆர்.வி. (உள்ளேயே தங்கிச் சமைக்கிற வண்டி) வாடகைக்கு எடுக்கிறோம், நாய் லட்டுவும் வருகிறது, தண்ணீர் பக்கத்தில் நாயை விடுகிற கேம்ப்கிரவுண்ட் ரெண்டு சொல்லும்மா என்று கேட்டிருந்தாய். "பிள்ளை ரெண்டு பேரு கேட்டான், நீ ராமாயணத்துக்கு உட்கார்ந்துட்டே" என்று அப்பா சிரிக்கிறார். சிரிக்கட்டும். பேர் சொல்வது பெரிய காரியமில்லை, இந்தக் கடிதத்திலேயே ஐந்தாறு வரும். ஆனால் வெறும் பேரை வாங்கிக்கொண்டு கிளம்பினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். முதல் வருஷம் நாங்கள் அப்படித்தான் கிளம்பினோம்.

அப்பா வேலையை விட்ட கையோடு அந்தப் பழைய 25 அடி வண்டியை வாங்கினார், நினைவிருக்கிறதா? நம் நாய் கருப்பனுக்கு அப்போது ஒன்றரை வயது. தண்ணீர் என்றால் அவனுக்குப் பைத்தியம். பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டாலே எழுந்து வந்து நிற்பான். சரி, இவனுக்காகவே ஒரு ஏரி பார்ப்போம் என்று தேடினோம். மலைப்பக்கம் ஒரு அணைக்கட்டு ஏரி. முன்பதிவுப் பக்கத்தில் நாய்ப் பாதத்தின் படம் இருந்தது, நீச்சல் அடிக்கிறவன் படம் இருந்தது, படகுப் படமும் இருந்தது. 'தண்ணீர் ஓரம்' என்று தனியாகக் குறித்திருந்த இடத்தைக் கூடுதல் காசு கொடுத்துப் பிடித்தோம். ஆகஸ்ட் கடைசி வாரம், மூன்று மணி நேரப் பயணம்.

போய் இறங்கினால் தண்ணீரைக் காணோம். அணைக்கட்டு ஏரியில் கோடை முழுக்கத் தண்ணீரை இறக்கிக்கொண்டே வருவார்கள் என்பது எங்களுக்கு உறைக்கவில்லை. எங்கள் இடத்துக்கும் தண்ணீருக்கும் நடுவே நூறு நூற்றைம்பது தப்படிக்கு வெடித்த சேறும் வெட்டிப்போட்ட மரத்தூர்களும். வைகைக் கரையில் பிறந்தவளுக்குத் தண்ணீர் இல்லாத கரை ஒன்றும் புதிதில்லை, ஆனால் அதற்குக் கூடுதல் காசு கொடுத்தது அதுதான் முதல் தடவை. போகட்டும், நீச்சல் கரையில் இன்னும் தண்ணீர் இருக்கிறது என்று கருப்பனை அங்கே நடத்திக்கொண்டு போனோம். வாசலிலேயே பலகை. நீச்சல் கரையில் நாய்க்கு அனுமதியில்லை. இரண்டு நாளும் அவன் கயிற்றின் நுனியில் நின்று, குழந்தைகள் தண்ணீரில் குதிப்பதைப் பார்த்துக் குரைத்துக்கொண்டே இருந்தான். பக்கத்து இடத்துக்காரர்கள் எங்களைப் பார்த்த பார்வையை விடு.

அதில் எனக்கு ஒன்று புரிந்தது. 'நாய் வரலாம்' என்பது நிஜம். 'தண்ணீர் பக்கத்தில் இருக்கிறது' என்பதும் நிஜம். இரண்டையும் ஒரே பக்கத்தில் பார்த்ததும், நாய் தண்ணீருக்குள்ளும் போகலாம் என்று நாமே கூட்டிப் படித்துக்கொள்கிறோம். அதை அங்கே யாரும் எழுதவே இல்லை. இப்போதெல்லாம் நான் இடத்தின் பேரைப் பார்ப்பதற்கு முன்னால் இந்த ஒன்றைத்தான் பார்க்கிறேன்: நாயின் கால் நனையலாமா, எந்த இடத்தில், எந்த மாதத்தில்? முன்பதிவுப் பக்கத்தில் எழுதியிருக்காவிட்டால் போன் போட்டுக் கேட்டுவிடுவேன். "நாய் அனுமதி உண்டா?" என்று கேட்காதே, உண்டு என்றுதான் சொல்வார்கள். "நாயைத் தண்ணீரில் விட எங்கே கூட்டிப்போவீர்கள்?" என்று கேள். அங்கே வேலை செய்கிறவர் கையில் அநேகமாக ஒரு ஊர்க்கதை இருக்கும், படகுத் துறைக்கு அந்தப் பக்கம் ஒரு வளைவு இருக்கிறது என்பது மாதிரி.

அடுத்தது, நிலம் யாருடையது என்று பார். இதைப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். தேசியப் பூங்கா என்றால் நாய் உன்னோடு முகாம் இடத்தில் இருக்கலாம், தார் ரோட்டில் நடக்கலாம், அவ்வளவுதான் என்று மனதில் வைத்துக்கொள். பெரும்பாலான நடைபாதைகளில் விடமாட்டார்கள். எங்கள் ஓரிகன் மாநிலத்தின் பெருமையான கிரேட்டர் லேக்கையே எடுத்துக்கொள். ஏரி கீழே நீலமாகத் தெரியும். தண்ணீர் வரைக்கும் இறங்குகிற பாதை ஒன்றே ஒன்றுதான், அதில் நாய்க்கு இடமில்லை. பார்க்க அழகு, லட்டுவுக்குத் தண்டனை. தேசியக் காடு என்று போட்டிருந்தால் அது வேறு இலாகா. பேர்தான் ஒரே மாதிரி இருக்கும், சட்டம் நிறையத் தளர்ந்திருக்கும். முகாம் இடத்துக்குள் 6 அடிக்கு மேற்படாத கயிறு, காட்டுப்பாதைகள் அநேகமாக நாய்க்கும் திறந்தவை. ராணுவத்தின் பொறியாளர் படை கட்டிய அணைகளைச் சுற்றியும் நிறைய முகாம் இடங்கள் உண்டு, பலவற்றில் தண்ணீருக்கு ரொம்பப் பக்கத்திலேயே இடம் கிடைக்கும். அங்கேயும் நீச்சல் கரைக்கு நாயைக் கொண்டுபோகக் கூடாது, நான் சொன்ன மாதிரி தண்ணீர் மட்டத்தையும் விசாரிக்க வேண்டும்.

தனியார் ஆர்.வி. பார்க்குகளில் வசதி அதிகம். நாய்க்கென்று வேலி போட்ட திடல், குளிப்பாட்ட வெந்நீர் எல்லாம் வைத்திருப்பார்கள். ஆனால் சில இடங்களில் உள்ளே விடாத நாய் இனங்களின் பட்டியல் ஒன்று வைத்திருக்கிறார்கள், பிட்புல், ராட்வைலர், ஷெப்பர்ட் என்று. லட்டு பாதி ஷெப்பர்ட். பார்த்தால் முக்கால் ஷெப்பர்ட் மாதிரி தெரிகிறான். பதிவு செய்யும்போதே போட்டோவை அனுப்பிக் கேட்டுவிடு. ராத்திரி எட்டு மணிக்கு வாசலில் நின்று வாதாட முடியாது.

இப்போது உன் வழிக்கு வருகிறேன். சான் ஹோசேயிலிருந்து 101-ஆம் நெடுஞ்சாலை பிடித்து வடக்கே வருகிறேன் என்றாய். நல்ல யோசனை. ஐ-5 நெடுஞ்சாலை வேண்டாம், காரணம் பின்னால் சொல்கிறேன். கலிபோர்னியாவுக்குள் இருக்கிற வரை கடல் ஆசையை லட்டுவுக்குக் காட்டாதே. அங்கே மாநிலப் பூங்காக் கடற்கரைகள் பலவற்றில் நாயை மணலில் இறக்க முடியாது, நடைபாதைகளிலும் பொதுவாக விடமாட்டார்கள். வழியில் தங்க வேண்டுமென்றால் ஓரிகன் எல்லைக்குச் சற்று முன்னால் ஜெடடையா ஸ்மித் ரெட்வுட் பூங்கா இருக்கிறது. ஸ்மித் ஆற்றங்கரையிலேயே முகாம் இடம். கலிபோர்னியாவில் நடுவே அணையில்லாமல் ஓடும் பெரிய ஆறு அது, தண்ணீர் பச்சைக் கண்ணாடி மாதிரி இருக்கும். நாயை முகாம் இடத்தில் வைத்துக்கொள்ளலாம், ரெட்வுட் மரங்களுக்குள் போகும் நடைபாதைகளில் கூடாது. ஆகவே நீங்கள் இரண்டு பேரும் மாற்றி மாற்றித்தான் மரம் பார்க்க வேண்டியிருக்கும்.

எல்லை தாண்டி ஓரிகனுக்குள் வந்துவிட்டால் கதையே வேறு. இங்கே கடற்கரை முழுக்க எல்லாரும் புழங்கலாம். 1913-இல் ஆஸ்வால்ட் வெஸ்ட் என்ற கவர்னர், ஈர மணலைப் பொது நெடுஞ்சாலை என்று அறிவித்து யாரும் வளைத்துப் போடாமல் காப்பாற்றினார். 1960-களில் கேனன் பீச்சில் ஒரு விடுதிக்காரர் காய்ந்த மணலில் வேலி போட்டுத் தன் விருந்தாளிகளுக்கு மட்டும் என்றார். ஊரே கொதித்தது. டாம் மெக்கால் கவர்னராக இருந்தபோது 1967-இல் சட்டம் வந்தது, காய்ந்த மணலிலும் மக்கள் புழங்கலாம் என்று. ஏறக்குறைய 360 மைல் கரை. அப்பாவுக்கு இந்தக் கதை ரொம்பப் பிடிக்கும், வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். உன்னிடமும் சொல்வார், புதிதாகக் கேட்பது போல் கேட்டுக்கொள். இதில் நமக்கு வேண்டியது, இந்தக் கரையின் பெரும்பகுதியில் நாயைக் கயிறில்லாமலே விடலாம். கண் பார்வையில் இருக்க வேண்டும், கூப்பிட்டால் வர வேண்டும், அவ்வளவுதான். முகாம் இடத்துக்குத் திரும்பியதும் 6 அடிக் கயிறு.

கூப்பிட்டால் லட்டு வருகிறானா? தீபாவளிக்கு வந்தபோது நான் கூப்பிட்டு வரவில்லை. கையில் முறுக்கு இருந்தபோது வந்தான். ஆறு மாசம் இருக்கிறது, பழக்கு.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. ஸ்னோயி ப்ளோவர் என்று ஒரு குட்டிப் பறவை. கோழிக்குஞ்சு அளவுதான் இருக்கும், மணல் நிறம், ஓடினால்தான் பறவை என்றே தெரியும். அது காய்ந்த மணலில் சும்மா ஒரு குழி பறித்து முட்டையிடும். அதனால் மார்ச் 15 முதல் செப்டம்பர் 15 வரைக்கும் அது கூடு வைக்கிற கரைகளில் நாய்க்கு அனுமதி கிடையாது. கயிற்றில் பிடித்திருந்தாலும் கூடாது, ஈர மணலிலும் கூடாது. பட்டம் விடுவதற்கும் தடை. நீங்கள் வருவது ஆகஸ்ட், தடை நடுவில் விழுகிறது. நிஹேலம் பே போன்ற பூங்காவில் முகாம் இடத்துக்கு எதிரே உள்ள கரையில் நாய் ஓடலாம், மணல்நாக்கின் தென்கோடிக்குப் போனால் பலகை இருக்கும். கயிறு கட்டிப் பலகை வைத்த இடத்தில் திரும்பிவிடு. யாரும் பார்க்கவில்லையே என்று தாண்டுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன், எனக்கு அவர்கள் மேல் மரியாதை கிடையாது.

தெற்கே இருந்து வரிசையாகச் சொல்கிறேன். புரூக்கிங்ஸ் பக்கத்தில் ஹாரிஸ் பீச். கடலுக்குள் பாறைகள் யானைக்கூட்டம் மாதிரி நிற்கும். முதல் ராத்திரிக்கு நல்ல இடம். கூஸ் பே அருகே சன்செட் பே, இரண்டு பக்கமும் பாறைச்சுவர் காவல் காக்கிற சின்ன வளைகுடா. அலை அடங்கித்தான் உள்ளே வரும். முதல் தடவை கடல் பார்க்கிற நாய்க்கு இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை. ஃப்ளாரன்சுக்குத் தெற்கே மூன்று மைலில் ஹனிமேன் பூங்கா. அங்கே மணல்மலை ஒன்று நேராக நன்னீர் ஏரிக்குள் சரிகிறது. கிளியாவாக்ஸ் என்று அந்த ஏரிக்குப் பேர். கருப்பன் மேலேயிருந்து உருண்டுகொண்டே தண்ணீருக்குள் போய் விழுந்து, எழுந்து, மறுபடி மேலே ஓடினான். பதினொரு தடவை. அப்பா எண்ணினார்.

அப்புறம் வால்ட்போர்ட்டுக்கும் யாஹாட்ஸுக்கும் நடுவே டில்லிக்கம் பீச். இது மாநிலப் பூங்கா இல்லை, சயுஸ்லா தேசியக் காட்டைச் சேர்ந்தது. கடலைப் பார்த்த மேட்டின் விளிம்பிலேயே சில இடங்கள். படுக்கையில் படுத்துக்கொண்டே கடல் பார்க்கலாம். மத்திய அரசு இடமாதலால் என்னுடைய சீனியர் பாஸ் இங்கே செல்லும். 62 வயது தாண்டினால் 80 டாலருக்கு ஆயுள் முழுக்கக் கொடுக்கிற அட்டை, முகாம் கட்டணத்தில் பாதி குறையும். மாநிலப் பூங்காக்களில் அது செல்லாது. மத்திய அரசு இடத்திலும் நான் உங்களோடு தங்கினால்தான் பயன்படும். ஆகவே டில்லிக்கத்துக்கு அம்மாவை அழைக்க உனக்கு ஒரு பொருளாதாரக் காரணமும் இருக்கிறது.

என் மனசுக்குப் பிடித்தது நியூபோர்ட்டுக்கு வடக்கே இருக்கிற பெவர்லி பீச். முகாம் இடம் மரங்களுக்குள்ளே ஓடையை ஒட்டி இருக்கிறது, காற்று அடிக்காது. அங்கிருந்து ஒரு பாதை 101-க்கு அடியில் நுழைந்து போகும். தலைக்கு மேலே லாரி கடகடவென்று ஓடும், பத்து எட்டு வைத்தால் முன்னால் முழுக் கடலும் விரிந்திருக்கும். நாயைக் கூட்டிக்கொண்டு ரோட்டைத் தாண்ட வேண்டிய பயமே இல்லை. கருப்பனுக்கு அந்தப் பாலத்தின் எதிரொலி பிடிக்கும். உள்ளே நின்று ஒரு குரை குரைத்துவிட்டு, யார் பதில் சொன்னது என்று என்னைப் பார்ப்பான்.

இதையெல்லாம் படித்துவிட்டுக் குதித்து விளையாடலாம் என்று நினைத்துக்கொள்ளாதே. தண்ணீர் ஆகஸ்டிலும் ஐஸ்தான், 12, 13 டிகிரிக்கு மேல் போனால் அதிசயம். அதைவிட முக்கியம், அலை. ஐந்து நிமிஷம் சாதுவாக இருந்துவிட்டு, ஒன்று மட்டும் சொல்லாமல் கொள்ளாமல் மணல் மேடு வரைக்கும் ஏறிவரும். கரையில் கிடக்கிற பெரிய கட்டைகளை அது தூக்கிப் புரட்டிவிடும், ஒரு அடித் தண்ணீர் போதும். கட்டை மேல் உட்கார்ந்து போட்டோ எடுக்காதே. நாய் அலையில் மாட்டினால் பின்னாலேயே குதிக்காதே. பல நேரம் நாய் தானே நீந்திக் கரையேறிவிடுகிறது, குதித்த மனிதர் திரும்புவதில்லை. இதை மருமகளிடமும் சத்தமாகப் படித்துக் காட்டு.

இனி சொல்லப்போவதற்காகத்தான் இந்தக் கடிதமே. மற்றதை மறந்தாலும் இதை மறக்காதே.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அக்டோபரில், கடலோர ஓடை ஒன்றின் பக்கம் தங்கியிருந்தோம். சால்மன் மீன் கடலிலிருந்து ஏறிவந்து முட்டையிட்டுச் செத்து ஒதுங்குகிற காலம். கருப்பன் புதருக்குள் போனான், ஒரு நிமிஷத்தில் வாயை நக்கிக்கொண்டே வந்தான். மீன் நாற்றம். "நாய்தானே, மீன் தின்னா என்ன" என்றார் அப்பா. நானும் அப்படித்தான் நினைத்தேன். ஊரில் மீன்காரம்மா தலையை வெட்டித் தெருநாய்க்குத்தானே போடுவாள்?

வீட்டுக்கு வந்து ஒரு வாரம் ஒன்றுமில்லை. எட்டாம் நாள் காலை சாப்பாட்டுத் தட்டை முகர்ந்துவிட்டுப் படுத்துக்கொண்டான். சாயங்காலம் வாந்தி. மறுநாள் காது அனலாகக் கொதித்தது, கழுத்துக்குக் கீழே இரண்டு பக்கமும் நெல்லிக்காய் அளவுக்குக் கட்டி. கால்நடை டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி, "பச்சை மீன் தின்றானா?" எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. சால்மன் விஷநோய் என்று இதற்குப் பேர், ஆனால் மீனில் விஷமில்லை. மீனுக்குள் ஒரு தட்டைப்புழு, அந்தப் புழுவுக்குள் ஒரு பாக்டீரியா. ஓடையில் இருக்கிற ஒரு வகை நத்தையிலிருந்து புழு மீனுக்குப் போகிறது, மீனிலிருந்து நாய்க்கு. அந்த நத்தை இருப்பதெல்லாம் வட கலிபோர்னியா, ஓரிகன், வாஷிங்டன் பக்கம், அதனால் நோயும் இந்த வட்டாரத்து நோய். சிகிச்சை இல்லாமல் விட்டால் பத்தில் ஒன்பது நாய் பிழைக்காது, ஒன்றிரண்டு வாரத்தில் முடிந்துவிடும். சரியான நேரத்தில் கண்டுபிடித்தால் சாதாரண ஆன்டிபயாடிக்கும் புழு மருந்தும் போதும். மலத்தைச் சோதித்தார்கள், புழு முட்டை தெரிந்தது. மருந்து உள்ளே போன மூன்றாம் நாள் தயிர் சாதம் தின்றான். அன்றைக்கு அப்பா அழுதார், நான் சொன்னேன் என்று சொல்லாதே.

ஆகஸ்டில் செத்த சால்மன் அவ்வளவாகக் கிடக்காது. ஆனால் ட்ரௌட் மீனிலும் இது உண்டு, மீன் பிடிக்கிறவர்கள் குடலை எடுத்துக் கரையில் எறிந்துவிட்டுப் போவார்கள். மீன் சுத்தம் செய்கிற மேடைப் பக்கம் லட்டுவைக் கொண்டுபோகாதே. அறிகுறி தெரிய ஒரு வாரம் ஆகும், அதற்குள் நீங்கள் சான் ஹோசே திரும்பியிருப்பீர்கள். அங்கே டாக்டருக்கு இது சட்டென்று தோன்றாமல் போகலாம். லட்டு சாப்பாட்டை ஒதுக்கினால் நீயாகவே சொல், ஓரிகன் போய்வந்தோம், மீன் தின்றிருக்கலாம் என்று. சமைத்த மீனால் ஒன்றும் ஆகாது. மனிதர்களுக்கு இந்தக் காய்ச்சல் வராது, நீ மீன் குழம்பை நிறுத்த வேண்டாம்.

ஏரித்தண்ணீரில் இன்னொரு ஆபத்து, நீலப்பச்சைப் பாசி. வெயில் நாளில், அசையாத தண்ணீரில், பச்சைப் பெயின்ட் கொட்டியது மாதிரி, இல்லை பட்டாணி சூப் மாதிரி படர்ந்திருந்தால் நாயை இறக்கவே இறக்காதே. முறிமருந்து கிடையாது, உயிர் போகச் சில நேரம் மணிக்கணக்குக்கூட ஆகாது. ஏரியில் மட்டும்தான் என்றும் நினைக்காதே, 2020-இல் யூட்டாவின் சயான் பூங்காவில் ஓடுகிற ஆற்றில் விளையாடிய ஒரு நாய்க்குட்டி இதனால் செத்துப்போனது. மாநிலச் சுகாதாரத் துறை எந்த ஏரிக்கு எச்சரிக்கை என்று வெளியிடுகிறது, கிளம்புகிற வாரம் பார்த்துக்கொள். தெரியாமல் இறங்கிவிட்டால் அவன் உடம்பை நக்குவதற்கு முன்னால் நல்ல தண்ணீரில் கழுவிவிடு. கடல் தண்ணீரும் குடிக்கக் கூடாது, வயிற்றைப் புரட்டிவிடும். குடிதண்ணீரும் கிண்ணமும் கரைக்கே கொண்டுபோ, வண்டியில் இருக்கிறது என்றால் அவன் காத்திருக்கமாட்டான்.

வண்டி விஷயம் அப்பாவின் இலாகா, அவர் சொல்லச் சொன்னதைச் சுருக்கமாக எழுதுகிறேன். வாடகைக்காரரிடம் நாயைப் பற்றி முன்கூட்டியே எழுத்தில் சொல்லிவிடு, முடி உதிர்ந்தால் சுத்தம் செய்கிற கட்டணம் எவ்வளவு என்றும் கேட்டுவை. பழைய பெட்ஷீட் நான்கு எடுத்துக்கொள். இடத்தைப் பதிவு செய்யும்போது வண்டியின் நீளம் கேட்பார்கள், பின்னால் தொங்கும் சைக்கிள் கம்பியையும் சேர்த்து அள. பக்கவாட்டில் நீள்கிற அறை இருக்கிற வண்டியென்றால், அதை உள்ளே இழுக்கும் முன்னால் நாய் எங்கே இருக்கிறான் என்று கண்ணால் பார்த்துவிட்டுத்தான் பொத்தானை அமுக்க வேண்டும். இது அப்பா மூன்று தடவை சொன்னார்.

ஐ-5 வேண்டாம் என்றேனே, அது இதனால்தான். ஆகஸ்டில் அந்த ரோடு போகிற ரெட்டிங் பக்கம் 40 டிகிரி சர்வசாதாரணம். ஏ.சி. போட்டுவிட்டுப் போகிறோமே என்று நாயை வண்டிக்குள் விட்டுப் போவார்கள். முகாம் இடத்தில் எல்லாரும் ஒரே நேரத்தில் ஏ.சி. போட்டால் பிரேக்கர் விழுந்துவிடும், அரை மணியில் வண்டி அடுப்பாகிவிடும். நாயைத் தனியாக விட்டுப் போகக் கூடாது என்று பல இடங்களில் விதியே உண்டு. கடலோரத்தில் ஆகஸ்டிலும் ஸ்வெட்டர் வேண்டியிருக்கும், அங்கே உங்களுக்கு அந்தக் கவலை இல்லை.

விறகு கொண்டுவராதே, இங்கேயே வாங்கு. விறகோடு பூச்சியும் பயணம் செய்கிறது. எமரால்டு ஆஷ் போரர் என்ற வண்டு 2022-இல் நம் வீட்டுக்குப் பக்கத்து ஊரான ஃபாரஸ்ட் குரோவ் வரைக்கும் வந்துவிட்டது.

கடைசியாகப் பதிவு. மாநிலப் பூங்காக்களில் ஆறு மாசம் முன்னால் ஒவ்வொரு நாளாகத் திறப்பார்கள். ஆகஸ்ட் 9-ஆம் தேதி ராத்திரிக்கு பிப்ரவரி 9-ஆம் தேதி. அதாவது அடுத்த வாரம். வெள்ளி, சனி கண் மூடித் திறப்பதற்குள் போய்விடும். நீ ஞாயிறு முதல் வியாழன் வரைக்கும் பார், கடலோர இடம் அப்போதுதான் மாட்டும். கிடைக்காவிட்டால் மனம் தளராதே, ஜூலை முழுக்க யாராவது ரத்து செய்துகொண்டே இருப்பார்கள். பெவர்லியில் ஓடைப்பக்க வரிசை கிடைத்தால் எடு, கழிப்பறைக்குப் பக்கத்து இடம் கிடைத்தாலும் வேண்டாம். இரவெல்லாம் ஆள் நடமாட்டம், லட்டு ஒவ்வொருவருக்கும் குரைப்பான்.

பெவர்லிக்கு நாங்களும் வந்துவிடுகிறோம், பக்கத்துப் பக்கத்து இடமாகப் பிடிக்கலாம். கருப்பனுக்கு இப்போது இடுப்பு வலி, பழைய மாதிரி ஓடமாட்டான். லட்டு அவனை ரொம்பத் துரத்தாமல் பார்த்துக்கொள். அப்பா வண்டியில் இட்லிப் பானை ஏற்றப்போகிறாராம், சாம்பார்ப் பொடி போன வாரம்தான் அரைத்தேன். மருமகளிடம் கேட்டு அவளுக்கு எந்த நாள் தோது என்று ராத்திரிக்குள் சொல். லட்டுவின் ரேபிஸ் ஊசிச் சான்றிதழையும் ஒரு போட்டோ எடுத்து அனுப்பு, பதிவில் கேட்டால் என்னிடம் இருக்கட்டும். போன தடவை நீ அனுப்பியது அவன் பிறந்தநாள் கேக் போட்டோ.

அன்புடன்,
அம்மா